நீக்கப்பட்ட விதி செய்த வேலையை இனி யார் செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ கேம்களின் அடுத்தடுத்த பாகங்கள் வெளியாகும்போதெல்லாம் ரசிகர்களிடையே மூளும் சண்டையைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பழைய ரசிகர்கள் எந்த மாற்றத்தைக் கண்டாலும் முகம் சுளிப்பவர்கள், புதியவர்கள் எல்லாவற்றையும் எளிதாக்கித் தரச் சொல்பவர்கள், இரு தரப்புக்கும் நடுவே நிறுவனங்கள் விழி பிதுங்கி நிற்கின்றன என்று அக்கட்டுரை முடிந்திருந்தது. ஆர்பிஜி எனப்படும் பாத்திரமேற்பு விளையாட்டுகளை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆடிவருபவன் என்ற முறையில், அக்கட்டுரை சண்டையின் சத்தத்தைப் பதிவுசெய்த அளவுக்கு அதன் காரணத்தைப் பதிவுசெய்யவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தச் சண்டைகளில் நானும் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன். சில முறை தவறான பக்கத்தில்.

கார்ப் பந்தய விளையாட்டின் அடுத்த பாகத்தில் வண்டி திரும்பும் விதம் மாறினால், கை ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளும். ஆர்பிஜியில் விதி மாறுவது அப்படிப்பட்டதன்று. அங்கே ஆடுபவர் யார் என்பதையே விதிகள்தாம் தீர்மானிக்கின்றன. ஒரு பாத்திரத்தின் வலிமை, சாமர்த்தியம், பேச்சுத்திறன், அவர் கற்ற மந்திரங்கள், அவர் கைவிட்ட வழிகள் எல்லாமே எண்களாகவும் தடைகளாகவும் விதிகளுக்குள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டால், எண்பது மணி நேரம் செலவழித்து உருவாக்கிய ஒரு மனிதரை அடுத்த பாகத்தில் மீண்டும் உருவாக்கவே முடியாமல் போகலாம். “இது நான் ஆடிய விளையாட்டு இல்லை” என்று ரசிகர் சொல்லும்போது, பல நேரங்களில் அவர் மிகைப்படுத்தவில்லை; உள்ளதை உள்ளபடிதான் சொல்கிறார்.

ஆகவே மாற்றம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. நீக்கப்பட்ட விதி முந்தைய பாகத்தில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது, புதிய பாகத்தில் அந்த வேலையைச் செய்வது எது என்று கேட்டால்தான் ரசிகர்களின் புகாரில் சாரம் எது, சக்கை எது என்று பிரித்தறிய முடியும்.

இந்தச் சிக்கல் புதிதும் அன்று. 1987-இல் வெளிவந்த முதல் ‘ஃபைனல் ஃபேன்டசி’யில், எதிரிகளை வென்றால் அனுபவப் புள்ளிகள் சேரும், அவை சேர்ந்தால் லெவல் உயரும். 1988-இல் வந்த இரண்டாம் பாகம் அந்த ஏற்பாட்டையே கைவிட்டது. வாளை ஏந்திப் போரிட்டால் வாள்திறன் வளரும், அடி வாங்கினால் உயிர்வலு வளரும் என்று ஆக்கியது. கேட்பதற்கு இயல்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆடியவர்கள் விரைவிலேயே குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள்: பலவீனமான எதிரியைக் கொல்லாமல் நிறுத்தி வைத்துக்கொண்டு, தங்கள் தோழர்களையே தாங்கள் அடித்து எல்லோருடைய உயிர்வலுவையும் கூட்டிக்கொண்டார்கள். எதிரியை வெல்ல வேண்டும் என்ற உந்துதலைத் தருவது பழைய அனுபவப் புள்ளிகளின் வேலையாக இருந்தது. அந்த வேலைக்கு மாற்று ஏற்பாடு எதையும் இரண்டாம் பாகம் செய்யவில்லை. 1990-இல் வந்த மூன்றாம் பாகம் பழைய வழிக்கே திரும்பியது. கைவிடப்பட்ட யோசனையும் சாகவில்லை. அதை வகுத்த வடிவமைப்பாளர் அகிடோஷி கவாசு, ‘சாகா’ என்ற வேறொரு தொடரில் அதைத் தொடர்ந்து வளர்த்தார். அந்தத் தொடருக்கென்று விசுவாசமான ரசிகர்கள் உருவானார்கள்.

நான் நேரில் வாழ்ந்து பார்த்த சண்டை, பெதெஸ்டா நிறுவனத்தின் ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ தொடரைப் பற்றியது. அதன் மூன்றாம் பாகமான ‘மாரோவிண்ட்’ 2002-இலும், நான்காம் பாகமான ‘ஆப்லிவியன்’ 2006-இலும், ஐந்தாம் பாகமான ‘ஸ்கைரிம்’ 2011-இலும் வெளிவந்தன. இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு பாகத்திலும் ஏதோ சில விதிகள் உதிர்ந்துகொண்டே வந்தது தெரியும். திறன்களின் எண்ணிக்கையே 27-இலிருந்து 21 ஆகவும், பின் 18 ஆகவும் குறைந்தது. பழைய ரசிகர்கள் இதை ஒரே சொல்லில் ‘எளிமைப்படுத்தல்’ என்று கூறி எல்லாவற்றையும் ஒருசேர எதிர்த்தார்கள். அங்கேதான் அவர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே பலவீனப்படுத்திக்கொண்டார்கள் என்பது என் எண்ணம். ஏனெனில் அந்த மாற்றங்கள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல.

முதலில் வாள்வீச்சை எடுத்துக்கொள்வோம். மாரோவிண்டில் எதிரியின் மார்புக்கு நேரே நின்று வாளை வீசினாலும், அது உடலைத் தொட்டுக் கடந்து போவது கண்ணுக்குத் தெரிந்தாலும், திரைமறைவில் உருட்டப்படும் பகடை சாதகமாக விழாவிட்டால் அடி படாது. பாத்திரத்தின் திறனும் களைப்பும் அந்தப் பகடையைப் பாதிக்கும். மேசையைச் சுற்றி அமர்ந்து தாளும் பகடையுமாக ஆடும் விளையாட்டிலிருந்து வந்த விதி இது. அங்கே வாளும் இல்லை, எதிரியும் இல்லை என்பதால் அடி பட்டதா இல்லையா என்பதைச் சொல்லப் பகடை தேவைப்படுகிறது. திரையில் எல்லாமே கண்முன் நடக்கும்போது, கண் ஒன்று சொல்ல விதி வேறொன்று சொல்கிறது. ஆப்லிவியன் இதை மாற்றி, வாள் தொட்டால் அடி படும், ஆனால் திறன் குறைந்தவரின் அடி வலுக்குறைந்ததாக இருக்கும் என்று வைத்தது. தேர்ந்தவரையும் கற்றுக்குட்டியையும் பிரித்துக் காட்டுவது பழைய விதியின் வேலை. அந்த வேலையை அடியின் வலு ஏற்றுக்கொண்டுவிட்டது. இந்த மாற்றத்தை எதிர்த்தவர்களோடு நான் ஒருபோதும் உடன்பட்டதில்லை.

வழிகாட்டும் குறியின் கதை வேறு. மாரோவிண்டில் ஒரு கல்லறைக்கோ குகைக்கோ போகச் சொல்பவர், எந்தப் பாலத்தைக் கடக்க வேண்டும், எந்தப் பாறைக்கு இடப்புறம் திரும்ப வேண்டும், எந்த மலை கண்ணில் பட்டால் தவறாக வந்துவிட்டோம் என்று பொருள் என்பதையெல்லாம் வாய்மொழியாகச் சொல்வார். அது நாட்குறிப்பில் பதிவாகும். பிறகு நாமே நிலத்தைப் பார்த்து வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். சாம்பல் புயலில் பாதை மறைந்து, குறிப்பைப் பத்து முறை திரும்பப் படித்து, கடைசியில் முற்றிலும் வேறொரு குகைக்குள் நுழைந்து, அங்கே கிடைத்த ஏதோவொன்றால் இரண்டு நாள் திசைமாறிப்போன அனுபவம் எனக்கு உண்டு. ஆப்லிவியனில் திரையின் அடியில் ஒரு திசைகாட்டியும், அதில் போகவேண்டிய இடத்தைச் சுட்டும் ஒரு குறியும் வந்தன. குறியைப் பார்த்து நடந்தால் போதும்.

அந்த ஆண்டில் நான் இந்த மாற்றத்தை ஆதரித்தவன். வேலை முடிந்து வந்து ஆட உட்காருபவனுக்கு வழிதேடி அலைய நேரமில்லை, விரும்பாதவர்கள் அந்தக் குறியைப் பார்க்காமல் ஆடிக்கொள்ளட்டும் என்று வாதாடினேன். பல ஆண்டுகள் கழித்து, அந்தக் குறியை மறைத்துவிட்டு ஸ்கைரிமை ஆட முயன்றபோதுதான் என் வாதத்தின் ஓட்டை எனக்கே தெரிந்தது. குறியை மறைத்தால் அந்த இடத்தில் பழைய வழிக்குறிப்பு வந்து நிற்பதில்லை. பணியைத் தருபவர் இடத்தின் பெயரைச் சொல்வார், அதோடு சரி. எந்தச் சாலை, எந்த ஆறு, எந்த மலை என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் குறி இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்த உரையாடல்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆப்லிவியனிலிருந்து உரையாடல் முழுவதும் நடிகர்களின் குரலில் பதிவாகத் தொடங்கியதும் இதோடு சேர்ந்துகொண்டது. எழுத்தில் பத்து வரி வழி சொல்வது எளிது, பத்து வரியைக் குரலில் பதிவுசெய்வது செலவு. ஆக அந்தச் சிறிய குறி வெறும் வசதியாக வந்து சேரவில்லை, மனிதர்கள் பேசும் முறையையே மாற்றிவிட்டது. “பிடிக்காவிட்டால் அணைத்துவிட்டு ஆடுங்கள்” என்பது இதற்குப் பதிலாகாது.

பயணமும் இப்படித்தான் மாறியது. மாரோவிண்டில் மாபெரும் பூச்சிகளின் முதுகிலும் படகுகளிலும் ஊர்விட்டு ஊர் போகலாம், மந்திரவாதிகள் சங்கத்தில் காசு கொடுத்து இடம்பெயரலாம், ஓரிடத்தை மந்திரத்தால் அடையாளமிட்டு வைத்து இன்னொரு மந்திரத்தால் அங்கே திரும்பலாம். எந்த வழி எந்த ஊரோடு இணைகிறது என்பதை மனப்பாடம் செய்ய வேண்டும். மந்திரம் கற்றவருக்கு அதில் ஒரு சாதகமும் இருந்தது. ஆப்லிவியனில் வரைபடத்தைத் திறந்து ஊரைத் தொட்டால் அங்கே போய்விடலாம். பெரிய நகரங்களுக்குத் தொடக்கத்திலிருந்தே இது பொருந்தும். அந்தரத்தில் மிதக்கும் மந்திரமும் மாரோவிண்டோடு போயிற்று, ஏனெனில் ஆப்லிவியனின் நகரங்கள் மதிலுக்கு உள்ளே தனி உலகங்களாகக் கட்டப்பட்டிருந்தன. மிதந்து மதிலைத் தாண்டினால் உள்ளே நகரமே இருக்காது. இது வடிவமைப்பாளரின் ரசனை சார்ந்த முடிவன்று, கருவியின் எல்லை. இதைப் பழைய ரசிகர்களுக்கு நேர்மையாகச் சொல்லியிருந்தால் பாதிச் சண்டை அன்றே அடங்கியிருக்கும்.

ஆனால் ஆப்லிவியனில் உண்மையான காயம் வேறிடத்தில் இருந்தது. அதில் ஆடுபவரின் லெவல் உயர உயர உலகம் முழுவதும் கூடவே உயரும். வழிப்பறிக் கொள்ளையர்கள் தொடக்கத்தில் கந்தல் தோலாடையில் வருவார்கள். நாம் வலிமை பெற்ற பிறகு, விலைமதிப்பற்ற கண்ணாடிக் கவசம் அணிந்து வந்து வெறும் நூறு பொற்காசு கேட்டு மிரட்டுவார்கள். அந்தக் கவசத்தை விற்றாலே அவர்கள் வாழ்நாள் முழுவதும் உட்கார்ந்து சாப்பிடலாமே என்று ரசிகர்கள் கேட்டது நையாண்டிதான் என்றாலும், அதற்குள் கூர்மையான விமர்சனம் இருந்தது. முந்தைய பாகத்தில் சில இடங்கள் அபாயமானவை, சில இடங்கள் பாதுகாப்பானவை. அஞ்சி ஓடிய இடத்துக்கு வலிமை பெற்றுத் திரும்பி வருவதில்தான் வளர்ந்தோம் என்ற உணர்வே பிறந்தது. அந்த உணர்வைத் தந்த விதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டார்கள். அதிலும் கொடுமை என்னவென்றால், லெவல் உயரும்போது அந்த லெவலில் எந்தத் திறன்களைப் பழகினோம் என்பதைப் பொறுத்தே வலிமை, சாமர்த்தியம் போன்ற பண்புகள் கூடும் என்பதால், கணக்குப் பார்க்காமல் இயல்பாக ஆடியவர்கள் வளர வளர எதிரிகளைவிடப் பின்தங்கினார்கள். அதிகம் பயன்படுத்தும் திறன்களை, லெவல் உயர்வைத் தீர்மானிக்கும் முக்கியத் திறன்களாகத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று அனுபவசாலிகள் புதியவர்களுக்கு அறிவுரை சொல்ல வேண்டிய நிலை வந்தது.

2025 ஏப்ரலில் அதே ஆப்லிவியன் புதுப்பொலிவுடன் மறுவெளியீடு கண்டபோது, லெவல் உயரும் முறை மாற்றப்பட்டிருந்தது. எதைப் பழகினோம் என்று கணக்குப் பார்க்கத் தேவையின்றி, கிடைக்கும் புள்ளிகளை விரும்பிய பண்புகளுக்குப் பகிர்ந்துகொள்ளலாம். 19 ஆண்டுகளுக்கு முன் எழுந்த புகார் வெறும் பழைமைப் பிடிவாதமாக இருந்திருந்தால், நிறுவனம் இதைத் தொட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஸ்கைரிம் எட்டுப் பண்புகளையும், போர்வீரர், மந்திரவாதி என்பன போன்ற பாத்திர வகுப்புகளையும் முற்றிலும் நீக்கியது பெரிய கூக்குரலை எழுப்பியது. நானும் கத்தினேன். பிறகு ஆடிப் பார்த்தபோது, ஒவ்வொரு திறனுக்கும் கிளைவிடும் மரமாக வைக்கப்பட்ட சிறப்புத் தேர்வுகள் அந்தப் பண்புகளின் வேலையில் பெரும்பகுதியைச் செய்வதைக் கண்டேன். ஒருவரை இன்னொருவரிடமிருந்து வேறுபடுத்த அவை போதுமானவையாகவே இருந்தன. நம் மந்திரங்களை நாமே கோத்துச் செய்துகொள்ளும் வசதி போனதற்கு மட்டும் இன்றுவரை ஈடில்லை. அதன் இடத்தில் எதுவும் வைக்கப்படவில்லை.

“ஸ்கைரிம் ஆறு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது, இதற்கு மேல் என்ன வாதம்?” என்று கேட்பவர்களை அறிவேன். 2023-இல் நிறுவனத்தின் தரப்பிலிருந்தே சொல்லப்பட்ட எண்ணிக்கை அது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாங்கியவர்கள் பனிமலைகளுக்காக வாங்கினார்களா, டிராகன்களுக்காகவா, திசைகாட்டிக் குறிக்காகவா, மந்திரம் கோக்கும் வசதி இல்லை என்பதற்காகவா என்று அந்த எண் பேசாது. விற்பனை மொத்தத்துக்குக் கிடைத்த மதிப்பெண். தனித்தனி விதிகளுக்கு அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

நான் தவறான பக்கத்தில் நின்ற சண்டை ஒன்றைச் சொல்கிறேன். பயோவேர் நிறுவனத்தின் ‘மாஸ் எஃபெக்ட்’ 2007-இல் வந்தபோது, அதில் துப்பாக்கிக்குக் குண்டுத் தட்டுப்பாடே இல்லை. தொடர்ந்து சுட்டால் சூடேறிச் சிறிது நேரம் முடங்கும், அவ்வளவுதான். 2010-இல் வந்த இரண்டாம் பாகத்தில் வெப்பத்தை உறிஞ்சும் சிறு உருளைகள் வந்தன. அவை தீர்ந்தால் களத்தில் தேடி எடுக்க வேண்டும். பெயரை எப்படி மாற்றினாலும் அவை குண்டுகள்தாம். அறிவியல் கூர்மையோடு கட்டிய ஓர் உலகத்தைச் சாதாரணத் துப்பாக்கிச் சண்டையாக்கிவிட்டார்கள் என்று நான் கொதித்தேன். கோபம் தணிந்து இரண்டாம் முறை ஆடியபோது, முதல் பாகத்தில் மறைவிடத்தை விட்டு நகராமல் ஒரே துப்பாக்கியால் விளையாட்டை முடித்திருந்தேன் என்பது நினைவுக்கு வந்தது. உருளைகள் தீர்ந்ததால்தான் இரண்டாம் பாகத்தில் வேறு ஆயுதங்களைத் தொட்டேன், எதிரி விழுந்த இடத்துக்கு ஓடினேன், ஆபத்தை எதிர்கொண்டேன். பழைய விதி செய்ததைவிட அதிகமான வேலையைப் புதிய விதி செய்தது. நான் தோற்ற வழக்கு அது.

ஆயினும் அந்த மாற்றத்துக்குக் கதைக்குள் சொல்லப்பட்ட விளக்கம் வேடிக்கையானது. இரண்டு பாகங்களுக்கும் இடையே கழிந்த இரண்டே ஆண்டுகளில் விண்வெளி முழுவதும் புதிய ஆயுதத்துக்கு மாறிவிட்டதாம். அதே விளையாட்டில் பத்து ஆண்டுகளுக்கு முன் தரைமோதி வெளியுலகத் தொடர்பே அற்றுப்போன ஒரு கப்பலைத் தேடிப் போகிறோம். அங்கேயும் அந்தப் புதிய உருளைகள் கிடக்கின்றன! இதைச் சுட்டிக்காட்டிய ரசிகர்களைக் குறைகாணிகள் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், அந்த உலகத்தை எழுதியவர்களைவிட அக்கறையோடு படித்தவர்கள் அவர்கள்.

மாஸ் எஃபெக்டில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துவைக்கும் பொருள்பையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் பாகத்தில் குப்பையாகச் சேரும் நூற்றுக்கணக்கான ஆயுதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அழிப்பது ஒரு தண்டனை. இரண்டாம் பாகம் பையையே எடுத்துவிட்டது. 2012-இல் மூன்றாம் பாகம் துப்பாக்கிகளுக்குத் துணைப்பாகங்களையும் எடையையும் கொண்டுவந்து, தேர்ந்தெடுக்கும் இன்பத்தை மட்டும் திருப்பித் தந்தது. கூச்சலுக்குள்ளிருந்து சரியான புகாரைப் பொறுக்கி எடுத்த வடிவமைப்பாளர்களும் இருக்கிறார்கள் என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

பிளிசார்டு நிறுவனத்தின் ‘டையப்லோ’வில் ரசிகர் சண்டை வேறு வடிவம் எடுத்தது. 2000-இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஒவ்வொரு லெவலுக்கும் ஐந்து பண்புப் புள்ளிகளும் ஒரு திறன் புள்ளியும் கிடைக்கும், இட்டது இட்டதுதான். தவறாக இட்டவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதை மாற்றிக்கொள்ளும் வழி 2010-இல் வந்த ஒரு பேட்சில், அதாவது திருத்த வெளியீட்டில்தான், அதுவும் அளவோடு, அனுமதிக்கப்பட்டது. 2012 மே மாதம் வந்த மூன்றாம் பாகத்தில் பண்புப் புள்ளிகளும் இல்லை, திறன் மரமும் இல்லை. விரும்பிய நேரத்தில் திறன்களை மாற்றிக்கொள்ளலாம். தவறு செய்யும் சுதந்திரம் போய்விட்டது என்று பழையவர்கள் புலம்பினார்கள். இந்தப் புலம்பலில் எனக்குப் பாதி அனுதாபம்தான். நாற்பது மணி நேரத்துக்குப் பிறகு தவறு தெரியவருவதைச் சுதந்திரம் என்று கொண்டாட என்னால் முடியவில்லை. ஆனால் அந்தத் திரும்பமுடியாமைதான் ஒவ்வொரு பாத்திரத்தையும் தனித்தன்மை உடையதாக்கியது என்பதும், ஒரே வகுப்பில் இரண்டாம் முறை ஆடக் காரணம் தந்தது என்பதும் மெய். மூன்றாம் பாகத்தில் ஒரே வகுப்பை மறுபடி தொடங்க எனக்கு எந்த முகாந்திரமும் இருந்ததில்லை.

இந்தப் புலம்பலைவிடப் பெரிய பிழை, உண்மையான பணத்துக்குப் பொருள்களை விற்கவும் வாங்கவும் அந்த விளையாட்டுக்குள்ளேயே நிறுவனம் திறந்த ஏல அங்காடி. அரக்கர்களைக் கொன்று அரிய பொருளைக் கண்டெடுப்பதுதான் டையப்லோவின் உயிர்நாடி. கண்டெடுக்க வேண்டியதைக் கடையில் வாங்கலாம் என்றால் கொல்வானேன்? வெளியான நாள் முதல் ரசிகர்கள் கேட்டது இதைத்தான். நிறுவனமும் 2013-இல் ஏறக்குறைய இதே காரணத்தைச் சொல்லி, 2014 மார்ச் 18-இல் அங்காடியை மூடியது. அடுத்த வாரமே வந்த விரிவாக்கத்துக்கு, அதாவது கூடுதல் பகுதிக்கு, பின் அந்த விளையாட்டின் மீதிருந்த பேச்சே மாறிப்போனது. ரசிகர்களின் எதிர்ப்பு மாற்றத்தின் மீதான வெறுப்பு மட்டுமே என்று தங்கள் கட்டுரையாளர் சொல்வது உண்மையானால், இதை எந்தக் கணக்கில் சேர்ப்பார் என்று அறிய விரும்புகிறேன்.

காலத்துக்கு ஒவ்வாத விதிகளை நீக்கித்தானே ஆக வேண்டும் என்ற வாதத்தையும் கட்டுரை முன்வைத்திருந்தது. எது காலாவதியானது என்று யார் முடிவு செய்வது? ஒருவர் மாற்றி ஒருவர் அடிக்கும் முறைச்சண்டை பழைய கன்சோல்களின் குறைபாட்டால் வந்தது, இன்று யாருக்கும் பொறுமை இல்லை என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 1997-இன் ‘ஃபைனல் ஃபேன்டசி 7’ 2020-இல் மீளுருவாக்கம் பெற்றபோது சண்டை நேரடிப் போராகவே மாறியிருந்தது. அதே 2020-இல், பல பாகங்களாகத் தெருச்சண்டையாகவே இருந்துவந்த ‘யாகுசா’ தொடர் நேர் எதிர்த்திசையில் நடந்து, முறைச்சண்டைக்கு மாறியது. முந்தைய ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று வெளியிட்ட வேடிக்கைக் காணொளியாகத்தான் அந்த யோசனை முதலில் வெளியே தெரிந்தது. சிரித்துவிட்டுப் போனவர்கள் பலர் பிறகு அதையே விரும்பி ஆடினார்கள்.

2023 ஆகஸ்டில் ‘பால்டர்ஸ் கேட்’டின் மூன்றாம் பாகம் வந்ததும் இங்கே நினைவுகூரத்தக்கது. 2000-இல் வந்த இரண்டாம் பாகத்தில் சண்டை தொடர்ந்து ஓடும், வேண்டும்போது நிறுத்தி ஆணையிடலாம், குழுவில் ஆறு பேர். லேரியன் நிறுவனம் எடுத்துக்கொண்ட மூன்றாம் பாகத்தில் முறைச்சண்டை, குழுவில் நால்வர். பழைய ரசிகர்கள் துரோகம் என்றார்கள். ஆனால் அந்தத் தொடருக்கே மூலமான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, 1974 முதல் மேசையில் சுற்றுச் சுற்றாக ஆடப்பட்டுவரும் விளையாட்டு. அதன் விதிகளை ஓடும் நேரத்துக்குள் நெருக்கி அடைத்ததுதான் பழைய பாகங்கள். எந்த மரபுக்குத் துரோகம் என்று கேட்டால் பதில் அத்தனை எளிதன்று. ஆறு பேர் நால்வரானதில் மட்டும் பழையவர்களின் குறையை நான் ஏற்கிறேன். முகாமில் அமர்ந்திருக்கும் தோழர்களில் பாதிப்பேரின் கதையை ஒரே ஆட்டத்தில் உடனிருந்து பார்க்க முடிவதில்லை.

இரண்டு முறைகளையும் தந்துவிட்டால் சண்டையே இராதே என்பார்கள். அதையும் ஒருவர் செய்து பார்த்தார். அப்சிடியன் நிறுவனத்தின் ‘பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி’யின் இரண்டாம் பாகம் 2018-இல் ஓடும் நேரச் சண்டையோடு வந்தது. மறு ஆண்டு முறைச்சண்டையும் விருப்பத் தேர்வாகச் சேர்க்கப்பட்டது. நான் நன்றியோடு ஏற்றேன். ஆனாலும் அந்த உலகில் வழியெங்கும் சிதறிக்கிடந்த சிறு மோதல்கள் ஓடும் நேரத்தில் அரை நிமிடத்தில் முடிவதற்காக வைக்கப்பட்டவை. முறைச்சண்டையில் ஒவ்வொன்றும் நெடுநேரம் இழுத்தது. வேகத்தைக் கூட்டும் பண்புக்கும் பழைய மதிப்பு இல்லாமற்போயிற்று. விருப்பத் தேர்வு இலவசமாகக் கிடைப்பதில்லை. ஒரு விதியை மாற்றினால், அதைச் சுற்றி வைக்கப்பட்ட அத்தனையும் நகர்ந்தாக வேண்டும்.

ரசிகர்களின் நடத்தையைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியதில் ஒரு பகுதியை மறுப்பின்றி ஏற்கிறேன். வடிவமைப்பாளர்களைத் தனிப்பட்ட முறையில் வசைபாடுவதும், ஆடாமலேயே பூஜ்யம் மதிப்பெண் இடுவதும் கண்டிக்கத்தக்கவை. அவற்றால் முதலில் பாதிக்கப்படுவதும் நியாயமான புகார்தான், ஏனெனில் வசையைக் காரணம் காட்டி எல்லாப் புகாரையும் ஒரே கூடையில் போட்டு மூடிவிட முடிகிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. வெளியீட்டுக்கு முன் நிறுவனங்கள் புதிதாகச் சேர்த்தவற்றை மாதக்கணக்கில் முரசறைந்து சொல்கின்றன, நீக்கியவற்றைப் பற்றி வாயே திறப்பதில்லை. பணம் கொடுத்து வாங்கி, பத்து மணி நேரம் ஆடிய பிறகுதான் ரசிகர் அதைத் தாமாகக் கண்டுபிடிக்கிறார். அந்தக் கணத்தில் வரும் கோபத்தில் பாதி விதியின் மீது, மீதி அது மறைக்கப்பட்டதன் மீது.

தங்கள் நாளிதழின் விளையாட்டு விமர்சனப் பகுதிக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஓர் ஆர்பிஜியின் அடுத்த பாகத்தை மதிப்பிடும்போது, படத்தின் தெளிவுக்கும் இசைக்கும் ஒதுக்கும் இடத்தில் ஒரு பத்தியையாவது நீக்கப்பட்ட விதிகளுக்கு ஒதுக்குங்கள்: முந்தைய பாகத்தில் இருந்து இதில் இல்லாதவை எவை, அவற்றின் இடத்தில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று. இதை எழுத, விமர்சகர் முந்தைய பாகத்தையும் முழுவதும் ஆடியிருக்க வேண்டும். அது எண்பது மணி நேர வேலை என்பதை அறிவேன். அந்தப் பத்திக்காக விமர்சனம் சில வாரங்கள் தாமதமாக வந்தாலும் காத்திருந்து படிக்க நான் தயார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்